பழைய செயற்கைக்கோள், புதிய கடன்: சாட்டிலைட் போன் நிறுவனப் பங்குகள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் ஒரு சிறு வட்டத்தை நடத்தி வருகிறேன். ஐபோனில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம் என்று 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து, அதன் பின்னால் இருக்கும் குளோபல்ஸ்டார் பற்றியும், அதன் பழைய போட்டியாளரான இரிடியம் பற்றியும் கேள்விகள் ஓயவில்லை. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டபோதுதான் எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. 2025 வரை நடந்தவற்றை வைத்து எழுதியிருக்கிறேன். எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இங்கே சொல்லவில்லை.

"வானத்தில் மழையும் இல்லை, துருவும் இல்லை. பிறகு செயற்கைக்கோள் எப்படிப் பழையதாகும்?"

துரு இல்லை, ஆனால் கதிர்வீச்சு இருக்கிறது. மின்னணுப் பாகங்களை அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. சூரியத் தகடுகளின் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பாதையைத் திருத்த எடுத்துச் சென்ற எரிபொருளும் தீர்ந்துகொண்டே வருகிறது. போய் நிரப்ப வழியில்லை.

மின்கலத்தின் பாடு இன்னும் கடினம். இரிடியம் செயற்கைக்கோள்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. பூமியின் நிழலுக்குள் போகும் ஒவ்வொரு சுற்றிலும் மின்கலம் வடிந்து, வெயிலுக்கு வந்ததும் மறுபடி ஏறுகிறது. இப்படி நாளுக்குப் பதினான்கு முறை நடக்கலாம். உங்கள் கைபேசியை நாளுக்குப் பதினான்கு முறை சார்ஜ் செய்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்தப் பாகம் முதலில் கைவிடுகிறதோ, அதுதான் செயற்கைக்கோளின் ஆயுள்.

"வீட்டில் பல்பு போனால் அந்த ஒரு பல்பை மட்டும் மாற்றுகிறோம். இங்கே ஏன் மொத்தமாக மாற்றுகிறார்கள்?"

எல்லாம் ஒரே காலத்தில் ஏவப்பட்டவை. இரிடியம் தன் முதல் தலைமுறையில் 72 செயற்கைக்கோள்களை 1997 மே முதல் 1998 மே வரை, ஓராண்டுக்குள் என்று சொல்லுமளவுக்கு வேகமாக மேலே அனுப்பியது. குளோபல்ஸ்டார் 1998 தொடங்கி 2000 தொடக்கத்துக்குள் 52-ஐ நிலைநிறுத்தியது. ஒரே நாளில் நட்ட தென்னைகள் ஒரே பருவத்தில் காய்த்து, ஒரே பருவத்தில் ஓய்வது போலத்தான் இதுவும்.

முதலீட்டாளர் மனதில் பதிய வேண்டியது இதுதான். மாதச் சந்தா சிறு துளியாக வருடம் முழுக்க வருகிறது. மாற்றுச் செலவோ பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மலைபோல ஒரே தடவையில் வருகிறது. லாரி வைத்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். வாடகைப் பணம் முழுவதையும் லாபம் என்று எண்ணிச் செலவழித்தவர், அடுத்த லாரி வாங்கும் நாளில் வட்டிக்காரர் வாசலில்தான் நிற்பார்.

"குளோபல்ஸ்டாரில் அப்படி என்னதான் நடந்தது? எல்லோரும் 2007, 2007 என்கிறார்கள்."

லோரல், குவால்காம் ஆகிய இரு நிறுவனங்களின் முயற்சியில் பிறந்தது குளோபல்ஸ்டார். 1998 செப்டம்பரில் ஒரே ஜெனித் ராக்கெட்டில் 12 செயற்கைக்கோள்களை இழந்தது. சேவை தொடங்கியும் எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள் வரவில்லை. 2002 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2004-ல் தெர்மோ என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 4.3 கோடி டாலருக்கு அதை எடுத்துக்கொண்டது. 2006 நவம்பரில் பங்கு ஒன்று 17 டாலர் என்ற விலையில் பொதுமக்களுக்கு வந்தது.

மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். 2007 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் ஒரு தகவலைத் தாக்கல் செய்தது: செயற்கைக்கோள்களில் சிக்னலை வலுப்படுத்தும் எஸ் அலைவரிசை ஆம்ப்ளிஃபயர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கின்றன, 2008-க்குள் குரல் சேவை விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஒரே நாளில் பங்கின் விலை கால் பங்குக்கும் மேல் இறங்கியது. முதலீட்டாளர்கள் வழக்கும் தொடுத்தார்கள். சில செயற்கைக்கோள்களில் இந்தக் கோளாறு முன்பே தென்பட்டிருந்தது. அன்றைய செய்தியில் புதிதாக இருந்தது தேய்மானத்தின் வேகம்.

"ஒரு ஆம்ப்ளிஃபயர் போனால் முழு செயற்கைக்கோளும் போய்விடுமா?"

போகாது. இந்தக் கதையிலேயே நுணுக்கமான இடம் இதுதான். குளோபல்ஸ்டார் போனிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறும் சிக்னல் எல் அலைவரிசையில் போகிறது. செயற்கைக்கோளிலிருந்து போனுக்கு இறங்கும் சிக்னல் எஸ் அலைவரிசையில் வருகிறது. கெட்டது இறங்கும் வழி மட்டும். நீங்கள் பேசுவது மேலே கேட்கும், மேலிருந்து வரும் பதில் உங்களுக்கு எட்டாது. காது கேளாத ஒருவர் வாசலில் நின்று பேசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1,414 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கதிர்வீச்சுதான் பெரும்பாலும் காரணம் என்று நிறுவனம் கருதியது. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே பூமியின் காந்தக் கவசம் நலிந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. அதைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் அடி கூடுதலாக விழுந்தது.

ஏறும் வழி நன்றாக இருந்ததால், ஒருவழிச் செய்தி மட்டும் அனுப்பும் கருவிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. 2007 இறுதியில் மலையேறுபவர்களுக்காக ஸ்பாட் என்ற சிறு கருவியை நிறுவனம் கொண்டுவந்தது அந்தத் தெம்பில்தான். கெட்டுப்போன வலையமைப்பில் கெடாத பாதி எது என்று பார்த்து, அதை விற்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த நிர்வாகத்திடம் எனக்கு மரியாதை வந்த இடம் அது.

"பேச முடியாத போனுக்கு எவராவது மாதாமாதம் பணம் கட்டுவார்களா?"

கட்டினார்கள், ஆனால் குறைத்துக் கட்டினார்கள். நிறுவனம் கட்டணங்களைக் கடுமையாக வெட்டியது. அதோடு இணையத்தில் ஒரு வசதியையும் வைத்தது. நீங்கள் இருக்கும் இடத்தைக் கொடுத்தால், நல்ல ஆம்ப்ளிஃபயர் உள்ள செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு மேல் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை கடக்கும் என்று பட்டியல் தரும். பஸ் நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவது போல, பேச வேண்டியவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போனை எடுத்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் அது எப்படித் தெரிந்தது என்றால், 2006-ல் சுமார் 13.7 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2009-ல் சுமார் 6.4 கோடிக்கு இறங்கியது. பாதிக்கும் கீழே. புதிய செயற்கைக்கோளுக்குப் பணம் தேட வேண்டிய அதே ஆண்டுகளில்தான் இந்த வீழ்ச்சி. கையில் காசு மிகக் குறைவாக இருக்கும்போது மிகப் பெரிய பில் வந்தது.

"உதிரி செயற்கைக்கோள் வைத்திருக்கவே மாட்டார்களா?"

வைத்திருந்தார்கள். முதல் தலைமுறையில் ஏவாமல் தரையில் பத்திரப்படுத்திய எட்டு இருந்தன. அவற்றை 2007 மே மாதமும் அக்டோபரிலும் நான்கு நான்காக, பைக்கனூரிலிருந்து சோயுஸ் ராக்கெட்டில் அனுப்பினார்கள். இடைக்காலத்தை ஓட்ட உதவியவை அவைதான். ஆனால் எட்டு உதிரி, நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்குப் போதாது.

உதிரி உண்மையிலேயே கைகொடுத்த கதையும் உண்டு. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும், செயலிழந்து சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251-ம் மோதி நொறுங்கின. முழு செயற்கைக்கோள்கள் இரண்டு இப்படி மோதியது அதுவே முதல் முறை. சுற்றுப்பாதையிலேயே தயாராக இருந்த உதிரி ஒன்றை நகர்த்தி, சில வாரங்களில் இரிடியம் அந்த இடத்தை நிரப்பிவிட்டது. உதிரி ஒரு விபத்துக்கு மருந்து. எல்லாம் சேர்ந்து மூப்படைவதற்கு அது மருந்தாகாது.

"புதிய செயற்கைக்கோள்களுக்கு ஆர்டர் கொடுத்த பிறகும் ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று?"

பிரான்சின் அல்காடெல் அலேனியா ஸ்பேஸுடன் 2006 நவம்பர் இறுதியிலேயே குளோபல்ஸ்டார் ஒப்பந்தம் போட்டுவிட்டது: 48 செயற்கைக்கோள்கள், 66.1 கோடி யூரோ. அந்த நிறுவனம் பிறகு தாலெஸ் அலேனியா ஸ்பேஸ் என்று பெயர் மாறியது. முதல் ஆறு மேலே போனது 2010 அக்டோபரில். அடுத்த ஆறு 2011 ஜூலையில், அடுத்தவை அந்த ஆண்டின் டிசம்பரில், கடைசி ஆறு 2013 பிப்ரவரியில். மொத்தம் 24. நாற்பத்தெட்டு என்று தொடங்கியது இருபத்துநான்கில் நின்றது. 2007-ல் அனுப்பிய எட்டையும் சேர்த்து 32 என்று கணக்குப் போட்டார்கள்.

மேலே போனவற்றிலும் சிலவற்றில், திசையைச் சீராக வைத்திருக்கும் சுழல் சக்கரங்கள் கோளாறு செய்தன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கும் கடைசி ராக்கெட் கிளம்பியதற்கும் நடுவே ஆறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. "அடுத்த ஆண்டு புதிய தலைமுறை வருகிறது" என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அந்த ஆறு ஆண்டுகள் எனக்கு நினைவுக்கு வரும்.

"வருவாயே பாதியாகிவிட்ட நிறுவனத்துக்கு யார் கடன் கொடுத்தார்கள்?"

வங்கிகள் கொடுத்தன, ஆனால் குளோபல்ஸ்டாரை நம்பி அல்ல. பிரான்சில் அந்த நாட்களில் கோஃபாஸ் என்ற அமைப்பு ஏற்றுமதிக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்து வந்தது. பிரெஞ்சுத் தொழிற்சாலையில் செய்யும் பொருளை வெளிநாட்டவர் வாங்கினால், அந்தக் கடனுக்கு பிரெஞ்சு அரசின் சார்பில் அது ஜாமீன் நின்று வந்தது. 2009 ஜூனில் குளோபல்ஸ்டாருக்கு 58.63 கோடி டாலர் கடன் கிடைத்தது. அதில் 95 சதவீதத்துக்கு கோஃபாஸ் ஜாமீன். உலக நிதி நெருக்கடி இன்னும் ஓயாத நேரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு இரிடியமும் இதே வாசலுக்குப் போய் 180 கோடி டாலர் வாங்கியது.

ஜாமீன் கடனில் கண்டிப்பு அதிகம். இவ்வளவு ரொக்கம் இருப்பு வைக்க வேண்டும், இவ்வளவு லாபம் காட்ட வேண்டும், முதலாளி இவ்வளவு பங்குப் பணம் போட வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றை மீற நேர்ந்தால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அந்தத் தளர்வுக்கான விலை பெரும்பாலும் புதிய பங்கு வெளியீடு. அடுத்த கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

"நிறுவனம் பிழைத்துவிட்டதே! அப்புறம் 2006-ல் வாங்கியவர்கள் ஏன் இன்னும் புலம்புகிறார்கள்?"

நிறுவனம் பிழைப்பதும் பங்குதாரர் பிழைப்பதும் வேறு வேறு. கணக்காகவே பார்க்கலாம். வெளியீட்டுக் காலத்தில் சுமார் 7.2 கோடி பங்குகள் இருந்தன. நீங்கள் 720 பங்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12,240 டாலர் செலவு, நிறுவனத்தில் லட்சத்தில் ஒரு பாகம் உங்களுடையது. கடன்காரரைச் சமாளிக்க, முதலாளி போட்ட பணத்துக்கு ஈடாக, பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரங்களுக்கு ஈடாக என்று பங்குகள் பெருகிக்கொண்டே போயின. 2024 வாக்கில் எண்ணிக்கை 180 கோடியைத் தாண்டிவிட்டது. உங்கள் 720 பங்கு அப்படியே பத்திரமாக இருக்கிறது, ஆனால் அது இப்போது நிறுவனத்தில் ஏறக்குறைய 26 லட்சத்தில் ஒரு பாகம்.

இடையில் பங்கு ஒரு டாலருக்கும் கீழே பல காலம் கிடந்தது. 2025 பிப்ரவரியில் 15 பழைய பங்குகளை ஒரு புதிய பங்காகச் சேர்த்து நாஸ்டாக் சந்தைக்கு மாறினார்கள். 720 பங்கு 48 ஆயிற்று. அந்தப் புதிய பங்கின் விலை 255 டாலரைத் தொட்டால்தான் பழைய 17 டாலருக்குச் சமம். சந்தை இணையதளங்களில் இன்றைய விலையை மட்டும் பார்த்து "நன்றாக ஏறியிருக்கிறதே" என்பவர்களிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

"இரிடியமும் திவாலானதுதானே? அது மட்டும் எப்படி இரண்டாம் தலைமுறையைத் தடுமாறாமல் கொண்டுவந்தது?"

தடுமாறவில்லை என்று சொல்ல முடியாது; சேவை நிற்கவில்லை என்று சொல்லலாம். மோட்டோரோலாவின் கனவாக, சுமார் 500 கோடி டாலர் செலவில் எழுந்த வலையமைப்பு அது. 1998 நவம்பரில் தொடங்கியபோது போன் ஒன்று 3,000 டாலர் அளவில் விற்றது. செங்கல் போன்ற கருவி, கட்டடத்துக்குள் சிக்னல் எடுக்காது. ஒன்பது மாதத்தில், 1999 ஆகஸ்டில் திவால். செயற்கைக்கோள்கள் அனைத்தையும் காற்று மண்டலத்தில் இறக்கி எரித்துவிடத் திட்டம்கூடத் தயாரானது. 2000 டிசம்பரில் டான் கொலுஸ்ஸி என்ற தொழிலதிபர் தலைமையிலான குழு வெறும் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இரண்டு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் தந்து தாங்கியது.

இங்கே இரண்டு அதிர்ஷ்டங்கள். முதல் தலைமுறையின் வடிவமைப்பு ஆயுள் எட்டு ஆண்டுக்குள்தான், ஆனால் பல செயற்கைக்கோள்கள் அதன் இருமடங்குக்கும் மேல் உழைத்தன. மூத்தவை தாங்கியதால் வருவாய் சரியவில்லை. வருவாய் சரியாததால் கடன் வாங்கும் இடத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. 2010-ல் தாலெஸிடம் 81 செயற்கைக்கோளுக்கு 210 கோடி டாலர் ஆர்டர், ஸ்பேஸ்எக்ஸிடம் 49.2 கோடி டாலர் ஏவுதல் ஒப்பந்தம். 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை எட்டு ஃபால்கன் 9 ராக்கெட்டுகளில் 75 போயின.

மாற்றிய விதம் அழகானது. புதிய செயற்கைக்கோள் பழையதின் பக்கத்தில் போய் நின்று, அண்டை செயற்கைக்கோள்களோடு உள்ள இணைப்புகளைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும். பிறகு பழையது கீழே இறங்கத் தொடங்கும். ஓடும் பஸ்ஸில் ஓட்டுநர் மாறுவது போன்ற வேலையை 66 முறை செய்தார்கள். பழைய இரிடியத்தின் கண்ணாடி போன்ற ஆன்டெனாக்கள் சூரிய ஒளியைத் தெறித்து, இரவு வானில் சில நொடிகள் பளீரென மின்னும். வானம் பார்ப்பவர்கள் நேரம் குறித்து வைத்துக் காத்திருந்து பார்த்த அந்த மின்னல், இந்த மாற்றத்தோடு மறைந்துவிட்டது.

"அப்படியானால் இரிடியம் பங்குதாரர்கள் கவலையே படவில்லையா?"

நிறையக் கவலைப்பட்டார்கள். முதல் ஏவுதல் 2015-ல் நடக்க வேண்டியது. செயற்கைக்கோள் பாகங்களில் தாமதம், முதல் இரண்டை ஏற்றிச் செல்ல வேண்டியிருந்த ரஷ்ய ராக்கெட்டுக்கு அனுமதியில் தாமதம். பிறகு 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவரலில், வேறொருவரின் செயற்கைக்கோளோடு ஃபால்கன் 9 வெடித்துச் சிதறியது. இரிடியத்தின் ராக்கெட்டும் அதே வகை என்பதால் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெடிப்புக்குப் பிறகு பறந்த முதல் ஃபால்கனில் போனது இரிடியத்தின் பத்து செயற்கைக்கோள்கள்தான்.

ஏவுதல்கள் பாதியைத் தாண்டிய 2018 மார்ச்சில் 36 கோடி டாலரை 10.25 சதவீத வட்டிக்கு வாங்க வேண்டியிருந்தது. வட்டியைப் பார்த்தாலே நெருக்கடி புரியும். எல்லாம் மேலே போய்ச் சேர்ந்த பிறகு, 2019 நவம்பரில் 145 கோடி டாலர் புதுக் கடன் வாங்கி கோஃபாஸ் கடனை அடைத்தார்கள். 2023-ல் ஈவுத்தொகையும் தொடங்கியது.

"வடிவமைப்பு ஆயுள் 15 ஆண்டு என்று எழுதியிருந்தால், 16-ஆம் ஆண்டில் விழுந்துவிடுமா?"

விழாது. அந்த எண், தயாரித்தவர் எவ்வளவுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதைச் சொல்கிறது. இரிடியம் முதல் தலைமுறை அதைத் தாண்டி ஓடியதை மேலே பார்த்தோம். குளோபல்ஸ்டாரில் ஒரே ஒரு பாகம் முன்னதாகவே கைவிட்டதையும் பார்த்தோம். இரண்டு பக்கமும் நடக்கும். அதனால் ஆயுளைவிட, தேய்மானத்தின் வேகம் பற்றி ஆண்டறிக்கையின் அபாயப் பகுதியில் நிறுவனம் எழுதுவதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் படியுங்கள். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் ஏன் மாறியது என்று கேளுங்கள்.

"இரிடியம் 2023-ல் செயற்கைக்கோள் ஆயுளைக் கணக்கில் நீட்டியதாமே. லாபத்தை ஊதிக் காட்டும் வேலையா?"

இதைக் கேட்டவர் கூர்மையானவர். செயற்கைக்கோள்களின் பயன்பாட்டு ஆயுள் மதிப்பீட்டை 12.5 ஆண்டிலிருந்து 17.5 ஆண்டாக மாற்றினார்கள். அதே விலையைக் கூடுதல் ஆண்டுகளில் பிரித்து எழுதுவதால் தேய்மானச் செலவு குறைந்து, கணக்கில் லாபம் கூடும். கையில் வரும் ரொக்கத்தில் ஒரு சென்ட்கூட மாறாது.

ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. முந்தைய தலைமுறை உழைத்த காலத்தைப் பார்த்தால் 12.5 என்பதே மிகக் கஞ்சத்தனமான மதிப்பீடு. ஆனால் 2022 லாபத்தையும் 2024 லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வளர்ச்சி" என்று யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். தேய்மானத்துக்கு முந்தைய ரொக்க வரத்தை ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஆயுளை நீட்டுவது, அடுத்த பெரிய பில் தள்ளிப்போகிறது என்று நிர்வாகமே சொல்வதும் ஆகும். அந்த வாக்கைக் குறித்து வையுங்கள்.

"ஒரே பெரிய செயற்கைக்கோளை உயரத்தில் நிறுத்திவிட்டால் இத்தனை தொல்லை இல்லையே?"

அப்படியும் செய்கிறார்கள். அமீரகத்தின் துரையா, பூமியோடு சேர்ந்து சுழலும் உயரப் பாதையில் ஓரிரு பெரிய செயற்கைக்கோள்களை வைத்தே சேவை நடத்தியது. செலவு குறைவு. ஆனால் 2008-ல் ஏவிய துரையா 3, 2024 ஏப்ரலில் கோளாறாகி மீளவே இல்லை. ஆசிய பசிபிக் பகுதியில் சேவை நின்றுபோயிற்று. அடுத்த தலைமுறையான துரையா 4 ஏவப்பட்டது 2025 ஜனவரியில்தான். குளோபல்ஸ்டார் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்தது. இங்கே ஒரே நாளில் விளக்கு அணைந்தது.

"ஆப்பிள் பணம் கொடுக்கிறதே, இனி குளோபல்ஸ்டாருக்கு என்ன பயம்?"

பழைய பயம் பெரிதும் குறைந்தது. வேறு ஒன்று வந்தது. 2022 ஏற்பாட்டின்படி வலையமைப்பின் கொள்ளளவில் 85 சதவீதம் ஆப்பிளுக்கு. பதிலுக்கு, ஒப்புக்கொண்ட புதிய செயற்கைக்கோள் செலவில் 95 சதவீதத்தை ஆப்பிள் ஈடுசெய்யும். அதை நம்பித்தான் கனடாவின் எம்.டி.ஏ. நிறுவனத்திடம் 17 செயற்கைக்கோள்களுக்கு 32.7 கோடி டாலர் ஆர்டர் போனது. 2024 நவம்பரில் இன்னும் பெரிய ஏற்பாடு: 110 கோடி டாலர்வரை முன்பணம், கூடவே 40 கோடி டாலருக்குத் துணை அமைப்பில் 20 சதவீதப் பங்கு.

2009-ல் கோஃபாஸ் ஜாமீனைத் தேடி அலைந்த நிறுவனத்துக்கு இது பெரும் விடுதலை. ஆனால் ஒரே வாடிக்கையாளர், அவரே கடன் கொடுத்தவர், அவரே பங்காளி. அவர் திட்டம் மாறினால் எதிர்த்துப் பேரம் பேச இவர்களிடம் என்ன இருக்கிறது என்பதை ஒப்பந்த நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள்.

"செயற்கைக்கோள் செத்தாலும் அலைவரிசை உரிமம் இருக்கிறதே. அதற்கே பெரிய மதிப்பு என்கிறார்களே?"

மதிப்பு உண்மை. 2025 செப்டம்பரில் எக்கோஸ்டார் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அலைவரிசைகளுக்கு ஸ்பேஸ்எக்ஸ் சுமார் 1,700 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. குளோபல்ஸ்டாரும் இரிடியமும் இருக்கும் அலைவரிசைக்குள் நுழைய ஸ்பேஸ்எக்ஸ் கேட்டதை 2024 மார்ச்சில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஏற்கவில்லை. குளோபல்ஸ்டார் தன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பகுதியைத் தரைவழிச் சேவைக்கும் பயன்படுத்த 2016-ல் அனுமதி பெற்றது.

ஆனால் உரிமம் தனியாக நிற்கும் நிலம் அல்ல. செயற்கைக்கோள் சேவை நடத்துகிறோம் என்ற நிபந்தனையோடு வருவது. பயிரிடாமல் விட்டால் பறிபோகும் குத்தகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் குளோபல்ஸ்டாருக்கு 15 ஆண்டு நீட்டிப்பு கிடைத்ததே, 26 மாற்றுச் செயற்கைக்கோள்களுக்கான அனுமதியோடு சேர்ந்துதான். ஆகவே அலைவரிசைக்காக வாங்குகிறேன் என்பவரும் மாற்றுச் செலவிலிருந்து தப்ப முடியாது.

"இந்தியாவில் இந்தப் போனை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாமா?"

வேண்டாம். துரையா, இரிடியம் கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். இங்கே முறையாகக் கிடைப்பது பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் சேவை.

ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கையைச் சேர்க்க வழி இல்லாமல் போயிற்று. படகில் சாட்டிலைட் போன் வேண்டும் என்ற குரல் அதன் பிறகுதான் உரக்க எழுந்தது. இந்த வலையமைப்புகளின் கணக்கைப் பார்க்கும்போது, மறுமுனையில் அப்படி ஒருவர் காத்திருக்கலாம் என்பதையும் நான் மறப்பதில்லை.

"சரி, அடுத்த 2007 எப்போது வரும்?"

தேதிகள் மேலேயே இருக்கின்றன. கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். குளோபல்ஸ்டாரின் இரண்டாம் தலைமுறை 2010 முதல் 2013 வரை ஏவப்பட்டது, வடிவமைப்பு ஆயுள் 15 ஆண்டு. அதாவது 2025 முதல் 2028 வரை. எம்.டி.ஏ. செய்யும் 17-ம் அதற்குள் மேலே போய் வேலை செய்ய வேண்டும். சென்ற முறை ஒப்பந்தத்திலிருந்து முடிவுவரை ஆறு ஆண்டு ஆனது; இந்த முறை ஒப்பந்தம் 2022 பிப்ரவரியில் போடப்பட்டது. ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் ஏவுதல் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

இரிடியத்துக்கு அவகாசம் அதிகம். 2017-19 ஏவுதல்களோடு 17.5 ஆண்டைக் கூட்டினால் 2030-களின் நடுப்பகுதி வருகிறது. 2023 மே மாதம் தரையிலிருந்த உதிரிகளில் ஐந்தை மேலே அனுப்பிவிட்டார்கள். சுற்றுப்பாதையில் உதிரிக்குப் பஞ்சமில்லை. அங்கே கவலை வேறு திசையிலிருந்து வருகிறது: சாதாரணக் கைபேசியே நேரடியாகச் செயற்கைக்கோளோடு பேசத் தொடங்கிவிட்டால், 2030-களில் மூன்றாம் தலைமுறைக்குக் கடன் கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு எவ்வளவு வருவாய் மிஞ்சியிருக்கும்? மேலே சொன்ன எக்கோஸ்டார் செய்தி வந்த நாளில் இரிடியம் பங்கு விழுந்தது இந்தக் கேள்வியால்தான்.